பழசை அழிப்பதற்கு முன்: லாகின் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு

சர்வீஸ் கவுண்டரில் புதிதாக உட்கார்ந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். ரேம் போடுவதும் டிஸ்ப்ளே மாற்றுவதும் சீக்கிரமே கைக்குப் பழகிவிடும். புது லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, "சார், என் அக்கவுண்ட் உள்ளயே போக மாட்டேங்குது" என்று கண் கலங்கி உட்கார்ந்திருப்பவருக்கு உதவத்தான் நிதானம் வேண்டும். டிஸ்ப்ளே உடைந்தால் காசோடு போகும். கணக்கு கைவிட்டுப் போனால் பேத்தியின் படங்கள், கடையின் ஜி.எஸ்.டி. கோப்புகள், முடியும் தறுவாயில் இருக்கும் ஆய்வேடு எல்லாம் அதோடு போய்விடும். எந்தப் பாகத்தை மாற்றினாலும் அவை திரும்பி வரமாட்டா.

புது லேப்டாப்பில் கணக்கு திறக்காததற்கு அந்த லேப்டாப் பழுதாக இருப்பது மிக அபூர்வம். கணக்கு வைத்திருக்கும் கம்பெனிக்கு இந்த மெஷினை இதற்கு முன் தெரியாது. வந்திருப்பவர் உண்மையான ஆள்தானா என்று கேட்கிறது. அதற்குப் பதில் சொல்லும் சாட்சிகள் பழைய லேப்டாப்பிலும் பழைய போனிலும் இருக்கின்றன. அந்தச் சாட்சிகள் அழியாமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் முதல் பொறுப்பு.

1. "பழைய லேப்டாப் எங்கே?" என்று முதலில் கேளுங்கள். பாஸ்வேர்டைப் பற்றிக் கேட்பதற்கும் முன்னால் இதைக் கேளுங்கள். எக்ஸ்சேஞ்சில் கொடுக்கப் பையில் வைத்திருப்பார்கள், தம்பி மகனுக்குக் கொடுக்க ஃபார்மட் போடச் சொல்வார்கள். நிறுத்துங்கள். அந்தப் பழைய மெஷினில் கணக்கு இன்னும் திறந்தே இருக்கும். எந்த முகவரியில் கணக்கு இருக்கிறது, மீட்பு எண்ணாக எந்த போன் பதிந்திருக்கிறது என்பதை அங்கே பார்க்கலாம். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டை அந்த மெஷினின் பின் நம்பரைப் போட்டுத் திறந்து படிக்கலாம். டிஸ்ப்ளே போய்விட்டது என்பார்கள், எச்.டி.எம்.ஐ. கேபிளில் ஒரு மானிட்டரை மாட்டிப் பாருங்கள். ஹிஞ்ச் உடைந்ததும் கீபோர்டில் தண்ணீர் கொட்டியதும் கணக்கைத் தொடாது. டிஸ்க் உயிரோடு இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

2. திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று முழுதாகப் படியுங்கள். வாடிக்கையாளர் எல்லாவற்றையும் "லாகின் ஆகல" என்ற ஒரே சொல்லில் சொல்வார். பாஸ்வேர்ட் தவறு என்பது ஒரு செய்தி. இப்படி ஒரு கணக்கே இல்லை என்பது இன்னொன்று; அப்போது பாஸ்வேர்டைத் தேடுவதை விட்டுவிட்டு முகவரியின் எழுத்துகளைச் சரிபாருங்கள். ஜிமெயிலில் பெயருக்கு நடுவே புள்ளி வைத்தாலும் விட்டாலும் ஒரே கணக்குத்தான். மற்ற கம்பெனிகளில் அப்படி நம்ப வேண்டாம். 2 வருஷம் தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்கை கூகுள் அழித்துவிடலாம் என்பதும் நினைவிருக்கட்டும். 2023 டிசம்பரிலிருந்து அதுதான் நடைமுறை.

ஆபீஸ் கணக்குகளில் மைக்ரோசாஃப்ட் ஒரு எண்ணும் தரும். 50126 என்றால் பெயரோ பாஸ்வேர்டோ தவறு. 50034 என்றால் அந்த நிறுவனத்தில் இப்படி ஒரு ஆள் பதிவில் இல்லை. 53003 என்றால் பாஸ்வேர்ட் சரி, ஆனால் நிறுவனத்தின் விதி தடுக்கிறது. இந்த மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. மூன்றிலும் பாஸ்வேர்டை மாற்றிப் பார்ப்பது நம் ஆட்களின் பழக்கம். 53003க்கு நூறு முறை மாற்றினாலும் பலன் இல்லை. போனில் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் கையை வையுங்கள்.

3. எந்தக் கம்பெனியின் கணக்கு என்று பிரித்துக் கொடுங்கள். இதில்தான் மக்கள் அதிகம் குழம்புகிறார்கள், ஆகவே நின்று சொல்கிறேன். பல வருஷத்துக்கு முன் ஒருவர் தன் ஜிமெயில் முகவரியைக் கொடுத்து மைக்ரோசாஃப்ட் கணக்கு தொடங்கியிருப்பார். முகவரி ஜிமெயில், கணக்கு மைக்ரோசாஃப்டினுடையது. பாஸ்வேர்ட் இரண்டும் தனித்தனி. புது லேப்டாப் மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கேட்கிறது. அவர் ஜிமெயில் பாஸ்வேர்டைப் போடுகிறார். தவறு என்று வருகிறது. "காலைலகூட போன்ல மெயில் பார்த்தேனே சார்" என்கிறார். அவர் சொல்வது சத்தியம். மெஷின் சொல்வதும் சரி.

இங்கே கோபத்தில் ஜிமெயில் பாஸ்வேர்டை மாற்றிவிடுவார்கள். மாற்றியும் மைக்ரோசாஃப்ட் திறக்காது. போனிலும் மெயில் நின்றுவிடும், டேப்லெட்டிலும் நின்றுவிடும். ஒரு பிரச்சினையோடு வந்தவர் மூன்றோடு வீட்டுக்குப் போவார். எனவே ஒரு தாளை எடுங்கள். கூகுள், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் என்று மூன்று வரி எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே எந்த முகவரி, எந்த போன் எண் என்று அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். பாஸ்வேர்டை மட்டும் அந்தத் தாளில் எழுத விடாதீர்கள். அந்த மூன்று வரியை எழுதும்போதே பல பேருக்குத் தாங்கள் செய்யும் தவறு புரிந்துவிடும்.

இதே ரகத்தில் இன்னொன்றும் உண்டு. ஒரே ஆபீஸ் முகவரிக்கு நிறுவனக் கணக்கு ஒன்றும், அவரே எப்போதோ தொடங்கிய தனிக் கணக்கு ஒன்றும் இருக்கும். மைக்ரோசாஃப்ட் 2016இல் இந்த வழியை அடைத்துவிட்டாலும் அதற்கு முன் தொடங்கியவை இன்னும் உலவுகின்றன. "வேலை அல்லது பள்ளிக் கணக்கா, தனிக் கணக்கா" என்று திரை கேட்டால் அவசரத்தில் எதையாவது அழுத்த விடாமல், அவருக்கு வேண்டிய கோப்பு எதில் இருக்கிறது என்று கேளுங்கள்.

4. பின் நம்பரும் பாஸ்வேர்டும் ஒன்றல்ல என்று பொறுமையாக விளக்குங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கவுண்டருக்கு வந்திருந்தார். தினமும் நாலு இலக்கம் போட்டுத்தான் பழைய லேப்டாப்பைத் திறப்பார்; புதியதில் அதே நாலு இலக்கத்தைப் போட்டால் ஏற்கவில்லை. யாரோ தன் கணக்கைத் திருடிவிட்டார்கள் என்றே நம்பியிருந்தார். அந்த நாலு இலக்கம் பழைய லேப்டாப்புக்குள்ளேயே, அதன் பாதுகாப்புச் சிப்போடு கட்டுப்பட்டது. அந்த ஒரு பூட்டுக்கு மட்டுமான சாவி. இன்டர்நெட் வழியாக அது எங்கும் போவதில்லை, ஆகவே இன்னொரு மெஷினுக்கு அது தெரிய வழியே இல்லை. கணக்கின் உண்மையான பாஸ்வேர்டை அவர் எப்போதோ ஒருமுறை போட்டதோடு சரி. பழைய லேப்டாப் பக்கத்து நாற்காலியில் பையில்தான் இருந்தது. அதன் பிரவுசரில் சேமித்திருந்த பாஸ்வேர்டைத் திறந்தோம், எழுத்து எழுத்தாகப் பார்த்துப் புதியதில் அவரே அடித்தார், திறந்தது. அந்த மெஷின் எக்ஸ்சேஞ்சில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

5. கீபோர்டைச் சந்தேகப்படுங்கள். பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் தவறு என்று வருகிறதா? கண் படத்தை அழுத்தி, அடித்த எழுத்துகளை வாடிக்கையாளரையே பார்க்கச் சொல்லுங்கள். இங்கிலாந்து கீபோர்ட் அமைப்பு தேர்வாகியிருந்தால் @ குறி இருக்க வேண்டிய இடத்தில் இரட்டை மேற்கோள் விழும். # குறி இருக்கும் இடத்தில் பவுண்டு குறி விழும். நம் ஊரில் பாதிப் பேர் பாஸ்வேர்டில் @ வைத்திருக்கிறார்கள். அவர்கள் அத்தனை பேரும் மாட்டிக்கொள்வார்கள். தமிழ் 99 வைத்திருப்பவர்கள் தமிழிலேயே விட்டுவிட்டு வந்து பாஸ்வேர்ட் கட்டத்தில் அடிப்பார்கள். புள்ளிகள் மட்டுமே தெரிவதால் கவனிக்க முடியாது. விண்டோஸ் விசையையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். கேப்ஸ் லாக்கையும், எண்விசைப் பகுதி உள்ள லேப்டாப்பில் நம் லாக்கையும் பார்த்துவிடுங்கள்.

6. கடிகாரத்தைப் பாருங்கள்; மணியை மட்டும் பார்த்தால் போதாது, நேர மண்டலத்தையும் பாருங்கள். பெட்டியிலிருந்து எடுத்த சில லேப்டாப்கள் அமெரிக்கப் பசிபிக் நேரத்தில் இருக்கும். யாராவது மண்டலத்தை மாற்றாமல், மணியை மட்டும் நம் ஊர் மணிக்குத் திருப்பி வைத்திருப்பார்கள். மூலையில் மணி சரியாகத் தெரியும். ஆனால் நாம் உலகப் பொது நேரத்துக்கு 5½ மணி முன்னால், பசிபிக் குளிர்காலத்தில் 8 மணி பின்னால். ஆக அந்த லேப்டாப் தன்னை 13½ மணி முன்னால் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும். லாகின் செய்ததும் சர்வர் தரும் அனுமதிக்கு ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் என்றுதான் ஆயுள். கையில் வாங்கும்போதே அது காலாவதியானதாக லேப்டாப்புக்குத் தோன்றினால் திரும்பத் திரும்ப லாகின் கேட்கும்.

தேதியே பின்தங்கியிருந்தால் தளமே திறக்காது. இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்கு முன்பு 398 நாள் வரை ஆயுள் இருந்தது. 2026 மார்ச் 15 முதல் புதிதாகத் தருபவற்றுக்கு 200 நாள்தான் உச்சம். 2029 மார்ச்சில் 47 நாளாகச் சுருங்கும். ஆகவே தவறான தேதியோடு ஓடும் மெஷின் இனிமேல் இன்னும் சீக்கிரம் முட்டிக்கொண்டு நிற்கும். செட்டிங்ஸில் நேரத்தையும் மண்டலத்தையும் தானாக எடுத்துக்கொள்ளும்படி வையுங்கள். போனின் நேரத்தையும் அப்படியே வையுங்கள்; ஏன் என்று 9ஆவதில் சொல்கிறேன்.

7. பிரவுசரில் மறைநிலை ஜன்னலைத் திறந்து அதில் ஒருமுறை லாகின் செய்துபாருங்கள். அதில் திறந்தால் கணக்கு நன்றாக இருக்கிறது. சேமித்த குக்கியோ எக்ஸ்டென்ஷனோதான் இடைஞ்சல். அதிலும் திறக்காவிட்டால் போன் ஹாட்ஸ்பாட்டில் போட்டுப் பாருங்கள். விடுதி வைஃபையும் கல்லூரி வைஃபையும் தங்கள் நுழைவுப் பக்கத்தைக் கேட்டு நின்றுகொண்டிருக்கும், அது தெரியாமல் நாம் பாஸ்வேர்டைக் குறை சொல்வோம்.

8. திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். மைக்ரோசாஃப்டின் நிறுவனக் கணக்குகளில், வழக்கமான அமைப்பில், 10 தவறான முயற்சியில் பூட்டு விழும். முதலில் ஒரு நிமிஷம், தொடர்ந்து முட்டினால் அதற்கு மேல். கூகுள் பிறகு வரச் சொல்லும். மூன்று முறை தவறினால் கையை எடுத்துவிட்டு மேலே சொன்ன ஆறு ஏழு விஷயங்களை மறுபடி பாருங்கள்.

மீட்புப் படிவத்துக்குப் போக வேண்டி வந்தால் கவுண்டரில் வைத்து, புது லேப்டாப்பில் செய்யாதீர்கள். வாடிக்கையாளர் வழக்கமாக உபயோகித்த கருவி, வழக்கமான பிரவுசர், வழக்கமாக லாகின் செய்யும் இடம் இவற்றிலிருந்து முயலும்படி கூகுளே சொல்கிறது. புது மெஷின், புது வைஃபை, புது இடம் என்று மூன்றும் புதிதாக இருந்தால் உண்மையான சொந்தக்காரரும் திருடனைப் போலத்தான் தெரிவார். "பழைய லேப்டாப்பை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போங்கம்மா, வீட்டு நெட்டிலேயே செய்ங்க, நான் போனில் இருக்கேன்" என்று அனுப்பிவையுங்கள். கவுண்டரில் கிடைக்கும் சர்வீஸ் கட்டணத்தைவிட அவருடைய கணக்கு பெரிது.

மைக்ரோசாஃப்டில் இன்னொரு எச்சரிக்கை. காட்டும் போன் எண்ணும் மெயிலும் தன்னிடம் இல்லை என்று சொல்லிப் பாதுகாப்புத் தகவல்களை முழுதும் மாற்றினால் 30 நாள் காத்திருக்க வைக்கும். திருடன் மாற்றினால் சொந்தக்காரருக்குத் தெரியட்டும் என்பதற்கான அவகாசம் அது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் பழைய சிம் அலமாரியில் கிடக்கும்போது அவசரப்பட்டு அதை அழுத்திவிட்டால் ஒரு மாதம் வீண்.

9. ஓ.டி.பி. எங்கே போகிறது என்று கண்டுபிடியுங்கள். எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தைத் திரை காட்டும். "இது யாரோட நம்பர்?" என்று கேட்டால் பல வீடுகளில் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகனுடையது என்று பதில் வரும். கணக்கைத் தொடங்கிக் கொடுத்தவர் அவர்தான். முதலில் மகனை லைனில் கூப்பிட்டு, விஷயத்தைச் சொல்லி, அதன் பிறகு "அனுப்பு" என்பதை அழுத்துங்கள். அழுத்திவிட்டுக் கூப்பிட்டால் அவர் எடுப்பதற்குள் காலம் கடந்துவிடும். தெரியாத நேரத்தில் வரும் அனுமதிக் கேள்விக்கு "ஆம்" சொல்லக் கூடாது என்பதையும் அந்த மகனிடம் அப்போதே சொல்லிவிடுங்கள்.

எண் கைவிட்டுப் போயிருந்தால் தாமதிக்காதீர்கள். நம் நாட்டில் சேவை நிறுத்தப்பட்ட எண்ணை 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுக்கலாம். அப்படிப் போனால் இவருடைய ஓ.டி.பி. முன்பின் தெரியாத ஒருவரின் போனில் போய் விழும். ரீசார்ஜ் செய்து காப்பாற்ற முடிந்தால் அன்றைக்கே காப்பாற்றச் சொல்லுங்கள்.

ஆதன்டிகேட்டர் செயலி தரும் ஆறு இலக்கங்கள் போனின் கடிகாரத்தை வைத்தே கணக்கிடப்படுகின்றன. 30 விநாடிக்கு ஒருமுறை மாறும். 2011இல் வெளிவந்த ஒரு பொது நெறிமுறை அது. போனுக்கு நெட் இல்லாவிட்டாலும் எண் வரும், போனின் நேரம் சில நிமிஷம் பிசகினால் வருகிற எண் செல்லாது. போனையும் லேப்டாப்பையும் ஒரே வாரத்தில் மாற்றுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. ஒன்றை மாற்றி, அது நிலைத்த பிறகு அடுத்ததை மாற்றச் சொல்லுங்கள்.

10. ஆபீஸ் கணக்கு, கல்லூரிக் கணக்கு என்றால் அந்த இடத்து ஐ.டி. ஆளிடம் அனுப்புங்கள். பாஸ்வேர்டையும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பையும் அவர் தன் இடத்திலிருந்தே புதுப்பித்துவிடுவார்; நாம் சுற்றுவழி தேடக் கூடாது. சொந்த லேப்டாப்பில் ஆபீஸ் மெயிலைத் திறக்கும்போது, இந்தச் சாதனத்தை நிறுவனம் நிர்வகிக்கலாம் என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். படிக்காமல் சம்மதித்தால் சொந்த மெஷினின் கட்டுப்பாட்டில் ஒரு பங்கு நிறுவனத்தின் கைக்குப் போகும். அந்தச் செயலிக்கு மட்டும் லாகின் செய்யும் வழி அதே திரையில் உண்டு.

11. கடையின் மெயிலில் வாடிக்கையாளரின் லேப்டாப்பைத் திறந்து கொடுக்காதீர்கள். விண்டோஸ் 11 ஹோம் முதல்முறை திறக்கும்போது இன்டர்நெட்டும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கும். நேரம் மிச்சம் என்று சில இடங்களில் கடைக் கணக்கைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். இது தப்பு, பெரிய தப்பு. லேப்டாப்போடு வரும் ஆபீஸ் மென்பொருள் எந்தக் கணக்கில் முதலில் பதிவாகிறதோ அதற்கே சொந்தமாகிவிடும். அதைவிட முக்கியம், பல லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கு உள்ளே வந்ததும் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டு, 48 இலக்க பிட்லாக்கர் மீட்பு எண் அந்தக் கணக்கில் போய்ச் சேரும். பின்னொரு நாள் மதர்போர்டு மாறும், அல்லது பயாஸ் அப்டேட் ஆகும். நீலத் திரை வந்து அந்த எண்ணைக் கேட்கும். வாடிக்கையாளர் தன் கணக்கில் தேடுவார், இருக்காது. கடையில் அந்த மெயிலை உபயோகித்த பையன் வேலையை விட்டுப் போயிருப்பான். எண் இல்லாமல் அந்த டிஸ்க்கை மைக்ரோசாஃப்டும் திறந்து தராது.

மீட்பு எண்ணாக உங்கள் போனைக் கொடுப்பதும் இதே தப்புத்தான், எவ்வளவு நல்ல மனதோடு செய்தாலும். ஜாப் கார்டில் பாஸ்வேர்ட் என்று ஒரு கட்டம் அச்சடித்திருந்தால் அதைக் காலியாக விடுங்கள். அவர் பாஸ்வேர்ட் அடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். நீங்கள் திரும்புவதைப் பார்த்துத்தான் இது மறைக்க வேண்டிய விஷயம் என்று பலர் தெரிந்துகொள்கிறார்கள்.

12. கஸ்டமர் கேர் எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட விடாதீர்கள். பாஸ்வேர்ட் மீட்டுத் தருகிறோம் என்று சொல்லும் எந்த நிறுவனத்தோடும் தனக்குத் தொடர்பில்லை என்று கூகுள் வெளிப்படையாக அறிவித்திருக்கிறது. தேடலில் கிடைத்த எண்ணில் பேசி, திரையைப் பகிரும் செயலியைப் போட்டு, பணத்தை இழந்து வருபவர்கள் இருக்கிறார்கள். அப்படி யாராவது வந்தால் லாகினை ஒதுக்கிவைத்துவிட்டு உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். முதலில் வங்கிக் கணக்கு, அப்புறம்தான் மற்றது.

13. திறந்துவிட்டது என்றதும் பில் போடாதீர்கள். ஒருமுறை முழுதாக வெளியேறி, வாடிக்கையாளரையே மறுபடி உள்ளே வரச் சொல்லுங்கள். கூகுள் கணக்கில் மாற்றுக் குறியீடுகள் என்று 10 எண்கள் எடுக்கலாம். ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒருமுறை மட்டும் செல்லும். தாளில் அச்சடித்து நிலப்பத்திரம், ரேஷன் கார்டு வைத்திருக்கும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். மீட்பு எண்ணும் மீட்பு மெயிலும் இன்றைக்கு அவர் கையில் இருப்பவைதானா என்று பாருங்கள். ஒன்டிரைவிலோ டிரைவிலோ ஒரு கோப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். லாகின் ஆகியும், இலவச இடம் நிறைந்துபோய்ப் பல மாதமாக எதுவும் மேலே ஏறாமல் இருந்திருக்கலாம். கூகுளில் அந்த இடம் 15 ஜி.பி., ஒன்டிரைவில் 5 ஜி.பி. பழைய லேப்டாப்பின் டெஸ்க்டாப்பில் மட்டும் இருக்கும் கோப்புகள் அப்போதுதான் வெளியே தெரியும்.

இதெல்லாம் முடிந்த பிறகும், "பழசை இப்பவே ஃபார்மட் பண்ணிக் கொடுத்துடுங்க" என்று கேட்பார்கள். ஒரு மாதம் கழித்துக் கொண்டுவரச் சொல்லி அனுப்புங்கள்.